காற்றுப் புகாத பெட்டி

என் புத்தம் புது அரத்தால் ஒருவர் தன் குதிக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட அன்றுதான் எனக்குப் பெட்டி செய்யும் எண்ணம் வந்தது. அதற்கு முன் மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், எரித்தால் சோறு வேகும் என்பது மட்டுமே. கோபம்தான் என்னைத் தச்சனாக்கியது. எப்படிப்பட்ட தச்சன் என்பதைப் பின்னால் பார்ப்பீர்கள்.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் சமறி இருந்தது. குடும்பத்தை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டுக் கொழும்பில் உத்தியோகம் பார்க்கிற ஆண்கள் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஓர் ஆளை வைத்து, சோற்றையும் சண்டையையும் பங்குபோட்டுக்கொண்டு வாழ்வதற்குச் சமறி என்று பெயர். உலக யுத்தம் முடிந்திருந்தது. வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவன் மட்டும் அதைப் பற்றி அவசரப்படவில்லை.

அந்த வீட்டில் என்னையும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரையும் தவிர எல்லாரும் கந்தோர்க்காரர். காலையில் கந்தோர்கள் நிறைந்த கோட்டைப் பகுதிக்கு ரயிலேறிப் போய்ப் பேனா பிடிக்கிறவர்கள். நான் ஒருவன்தான் கராஜில் மோட்டார் என்ஜினுக்கு அடியில் படுத்தெழும்புகிற ஃபிட்டர். அவர்களுடைய பேனாவை நான் ஒருநாளும் தொட்டதில்லை. என் ஆயுதங்களை அவர்கள் தொடாத நாளில்லை. ஆயுதம் என்று நான் சொல்வது சுத்தியல், குறடு, உளி, அரம் இவற்றை. திருகாணி முடுக்குகிற திருப்புளியால் ரின்பால் தகரம் திறந்தார்கள். உளியால் தேங்காய் பிரித்தார்கள். இரும்பின் பருமனை அளக்கிற காலிப்பரை எடுத்துப் பாக்கு உடைத்துப் பார்த்த வாத்தியார், பாக்குவெட்டி மாதிரி இது வெட்டவில்லையே என்று என்னிடமே வந்து குறை சொன்னார். நான் அந்தக் குறையைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதே ஏதாவது செய்திருக்க வேண்டும்.

குதிக்கால்காரர் தபால் கந்தோரில் பெரிய கிளாக்கர். சமறியில் வயதில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணை. அவருக்கு எல்லாரும் ஐசே. ஞாயிற்றுக்கிழமை, முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்து, ஒரு காலை மற்றக் காலின் மேல் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு அரத்தை இழுத்து இழுத்துத் தேய்த்தார். வெள்ளை மா கொட்டியது.

"அண்ணை, அது அரம்."

"தெரியும் ஐசே. நல்லாத் தேய்க்குது."

"அது இரும்புக்கு."

"என்ர குதிக்காலும் இப்ப இரும்புதான். கவுண்டரிலை நிண்டு நிண்டு வந்தது. நீர் ஏன் இதுக்குக் கோவிக்கிறீர்? சமறியெண்டால் எல்லாம் பொதுத்தானே."

பிறகு அரத்தை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்து, நன்றி என்று வேறு சொல்லி என்னிடம் தந்தார். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் திட்டியிருக்கலாம். நன்றி சொன்ன மனிதரை என்ன செய்வது? அரத்தின் பல்லிடுக்கில் நிறைந்திருந்த அண்ணையைக் கம்பித் தூரிகையால் உரசி உரசி, கிணற்றடியில் இருட்டும்வரை நின்றேன்.

அந்த உரசலுக்குக் கோபம் மட்டும் காரணமில்லை. இரத்மலானையில் ஒரு பெரிய தொழிற்சாலையில் சார்ஜ்ஹாண்ட் வேலைக்கு, அதாவது பத்துப் பன்னிரண்டு ஃபிட்டர்களுக்கு மேலே நிற்கிற வேலைக்கு, ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் மனுப் போட்டிருந்தேன். கைவேலைச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். அவரவர் தன் ஆயுதத்தோடு வரவேண்டும். அங்கே ஒரு ஊசிகூடக் கடன் தரமாட்டார்கள். அந்த வேலை கிடைத்தால் வெள்ளவத்தையிலேயே பாதி வீடாவது வாடகைக்கு எடுத்து மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். மூத்தவள் என்னை ஆண்டுக்கு இரண்டு முறை வருகிற விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு, நான் போனால் கதிரையைத் தூசி தட்டிப் போடுகிறாள். எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த முறை இப்படி ஒரு வேலை வரும்போது என்னைவிட இளைய ஒருவன் நிற்பான். இந்த நிலையில், என் வருங்காலம் முழுவதும் தங்கியிருக்கிற அரத்தில் அண்ணை குதிக்கால் தேய்க்கிறார்.

பூட்டுப் போட்ட பெட்டி வேண்டும். கடையில் வாங்க மனம் வரவில்லை. இரும்பையே நூலளவு பார்த்துப் பொருத்துகிறவன் நான். மரம் எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்றைக்கு என் கையில் அகப்பட்டால் அதன் குரல்வளையைப் பிடிப்பேன்.

கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குப் போகிற தெருவில், கப்பலில் கழித்த சாமான்கள் விற்கிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை நானா என்பார்கள். கப்பலின் வயிற்றில் மூட்டைகளுக்கு அடியில் பரப்புகிற பலகைகளை அவர் கடை முற்றத்தில் வெயிலில் அடுக்கி வைத்திருந்தார். பங்குனி வெயிலில் அவை முறுக்குப்போலக் காய்ந்து கிடந்தன. தட்டினால் மேளச் சத்தம்.

"சீமப் பலக தம்பி. ஒரு சொட்டுத் தண்ணி பட்டீக்காது" என்றார் நானா.

கப்பலில் கடல் கடந்து வந்த பலகையில் தண்ணீர் படவில்லை என்று ஒருவர் சொல்கிறார். முழு மனிதன் ஒருவன் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறான். நானாவின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் அவர் அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து ஒரு கணம் தாமதித்தார்; நான் சிரிப்பேன் என்று காத்திருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நான் சிரிக்கவில்லை. விலைக்குச் சம்மதித்தேன்.

பலகைகளை வண்டியில் கொண்டுவந்து மதிலோரம் சாத்தியதும் ஒழுங்கையில் திரிகிற பசு ஒன்று உள்ளே வந்து அவற்றை நக்கத் தொடங்கியது. சாதாரண நக்கல் இல்லை. கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, ஒரு பலகை முடிந்ததும் அடுத்ததற்குப் போய் நக்கியது. நான் கல்லெடுக்கக் குனிந்தேன். எங்கள் சமையல்காரர் ஓடிவந்து தடுத்தார். வேலை தொடங்க முன்னம் பசு தானாக வந்து பலகையைத் தொட்டிருக்கிறது, லட்சுமியே வந்தமாதிரி, விரட்டக்கூடாது என்றார். வாத்தியாரும் ஆமோதித்தார். சோதனைக்குப் போகிற காலத்தில் எனக்கும் ஒரு சகுனம் தேவையாக இருந்தது. ஆக, படித்தவர்களும் படியாதவர்களுமாக நாங்கள் சுற்றி நின்று, அந்த மாடு பலகையிலிருந்த கடலுப்பை நக்கி முடிக்கும்வரை கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சித்திரை வருஷப் பிறப்புக்குச் சமறி முழுவதும் யாழ்ப்பாணம் போனது. நான் போகவில்லை. வேலை கிடைத்தால் எல்லாருமாய் இங்கேயே கொண்டாடலாம் என்று மனைவிக்குச் சொல்லியனுப்பினேன். வீட்டின் நடுக்கூடம் முழுவதும் எனக்கே என்று கிடைத்தது. வாளையும் சீவுளியையும் கராஜுக்குப் பக்கத்திலிருந்த தச்சுப் பட்டறையில் இரவல் வாங்கினேன். இரவல் வாங்குவதைப் பற்றி நான் வைத்திருந்த கடும் கொள்கைகள் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

முதல் பிழை, அடிப்பலகையை வெட்டும்போது பக்கப் பலகைகளின் தடிப்பைக் கழிக்க மறந்தது. பெட்டியை நிமிர்த்திய போது அடி இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டு, நாக்கைக் காட்டுவதுபோல் நின்றது. வெட்டினேன். இம்முறை கூடுதலாக வெட்டிவிட்டேன். மூலையில் ஆணியடித்தேன், பலகை தலையிலிருந்து கால்வரை கீறியது. முதலில் துளை போட்டுவிட்டுத் திருகாணி முடுக்க வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பலகை செலவு. கொட்டாஞ்சேனைக்கு மறுபடியும் போனேன். நானா என்னைக் கண்டதும் கதிரை போட்டார்.

பிறகு மூடி. இங்கேதான் என்னுடைய தொழில் என்னைக் கெடுத்தது. சாதாரண தச்சன் மேலே ஒரு பலகையை வைத்து, கதவுக்குப் போடுகிற பிணைச்சல் அடித்துவிட்டுப் போயிருப்பான். எனக்கு அது போதவில்லை. மூடிப் பலகைக்கு அடியில் இன்னொரு தடித்த பலகை. அது பெட்டியின் வாய்க்குள், சிலிண்டருக்குள் பிஸ்டன் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். மூன்று நாள் சீவினேன். சோப்புத் தாளை இடையில் வைத்துப் பார்த்து, தாள் போகாத அளவுக்கு இறுக்கம் கொண்டுவந்தேன். பிணைச்சலையும் பொருத்திவிட்டுத் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. பிஸ்டன் நேராகத்தான் ஏறி இறங்கும், கதவுபோல் சுழலாது. இதைக் கண்டுபிடிக்க ஃபிட்டருக்கு ஒரு முழுப் பின்னேரம் பிடித்தது. பிணைச்சலைக் கழற்றி எறிந்தேன். மூடியை நேராக மேலே தூக்கி எடுப்பதற்கு நடுவில் ஒரு கைபிடி, பூட்டுவதற்கு இரண்டு பக்கமும் கொண்டி, இரண்டு ஆமைப்பூட்டு. மூடியின் ஓரம் பெட்டியின் ஓரத்துக்கு மேல் ஒரு மயிர்கூட வெளியே நீட்டாதபடி சீவி மட்டமாக்கினேன். யாரும் கத்தி நுனியை விட்டுக் கிளப்பிவிடக் கூடாது பாருங்கள்.

வெறும் பெட்டியில் மூடியை வைத்துக் கையை எடுத்தால் அது தன் பாரத்தில் மெதுவாக இறங்கும். உள்ளே இருக்கிற காற்று உஸ் என்று வெளியேறும். அந்த உஸ்ஸைக் கேட்பதற்காகவே அன்று எத்தனை முறை திறந்து மூடினேன் என்று எனக்கே தெரியாது.

லீவு முடிந்து எல்லாரும் திரும்பியதும் காட்டினேன். அண்ணை பெட்டியைச் சுற்றி வந்தார். குனிந்து மூடி விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் போகவில்லை.

"உதென்ன ஐசே, ஆருக்குச் சவப்பெட்டி?"

"உங்கட குதிக்காலுக்குத்தான் அண்ணை."

வாத்தியார் சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. ஒரு வீட்டுக்குள் கூட இருக்கிறவனுக்கு எதிராகப் பூட்டுப் போடுவது அவருடைய அகராதியில் பெரிய அவமானம். அடுத்த நாள் காலைத் தேத்தண்ணீரில் சீனி இல்லை. சீனிப் போத்தல் அண்ணையின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. வாத்தியார் பேப்பரை வாசித்ததும் மடித்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். சவர்க்காரம், சீப்பு, ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல்போயின. சமையல்காரர் உப்பையும் மிளகாய்த்தூளையும் பூட்டிய பூட்டுகளின் திறப்பைத் தேடி ஒவ்வொரு அறை வாசலிலும் நின்றார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. நான் பூட்டியதில் நியாயம் இருக்கிறது, இவர்கள் எந்த முகத்தோடு பூட்டுகிறார்கள்? சீனியில்லாத தேத்தண்ணீரை அண்ணை பார்க்கும்படியாக, ருசித்து ருசித்துக் குடித்தேன்.

வைகாசியில், தென்மேற்கு மழையோடு வருகிற சோளகக் காற்றுத் தொடங்கியது. வெள்ளவத்தையில் அந்த மாதம் இருந்தவர்களுக்குத் தெரியும். மழை வராத நேரத்திலும் காற்றில் தண்ணீர் இருக்கும். தீப்பெட்டி பற்றாது. கொடியில் போட்ட சாரம் காயாது. பெட்டியின் மூடி இப்போது தன் பாரத்தில் இறங்க மறுத்தது. கையால் அமுக்க வேண்டியிருந்தது. பிறகு முழங்காலால். மூளையுள்ளவன் இந்த இடத்தில் யோசித்திருப்பான். நான் பெருமைப்பட்டேன். புது என்ஜின் முதலில் இறுக்கமாகத்தான் ஓடும், போகப்போகச் சரிவரும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு விளிம்பில் சவர்க்காரம் தேய்த்தேன். அந்தச் சவர்க்காரத்தைக்கூட ஒளித்து வைத்துத்தான் தேய்க்க வேண்டியிருந்தது.

சோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதற்கு முதல்நாள் பின்னேரம் ஆயுதங்கள் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் பூசி, துணி சுற்றி அடுக்கினேன். மூலை சரியா என்று பார்க்கிற மூலைமட்டத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். மூடியை வைத்து அதன்மேல் ஏறி நின்றேன். உள்ளே போனது. இரண்டு பூட்டையும் பூட்டித் திறப்பை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு படுத்தேன். இரவு முழுவதும் கூரையில் மழை கொட்டியது. நான் நன்றாகத் தூங்கினேன் என்பதைத்தான் இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விடிந்ததும், கடைசியாக ஒருமுறை சரிபார்ப்போம் என்று பூட்டுகளைத் திறந்து கைபிடியைப் பிடித்துத் தூக்கினேன். பெட்டி முழுவதும் என்னோடு எழும்பி வந்தது. இறக்கிவிட்டு, காலால் பெட்டியை அமத்திக்கொண்டு இழுத்தேன். கைபிடி திருகாணியோடு பிடுங்கிக்கொண்டு என் கையில் வந்தது. நான் மல்லாக்க விழுந்தேன்.

அப்படியே படுத்துக்கிடந்து முகட்டைப் பார்த்தேன். உப்பேறிய மூடிப் பலகை ஈரக் காற்றைக் குடித்து ஊதியிருக்கிறது, பலகை அகலவாட்டில்தான் ஊதும் என்பதால் பெட்டியின் வாய் ஊதவில்லை என்ற விஷயம் அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: திருப்புளி பெட்டிக்குள். சுத்தியல் பெட்டிக்குள். உளி பெட்டிக்குள். பெட்டியைத் திறக்கத் தேவையான ஒவ்வொன்றையும் நானே எண்ணெய் பூசிப் பெட்டிக்குள் படுக்க வைத்திருக்கிறேன். விளிம்பில் கத்தி நுழைய இடமில்லை. அதையும் நானே பார்த்துப் பார்த்து அடைத்திருக்கிறேன். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சமையல்காரர் அதைக் கேட்டுப் பூனை கிணற்றில் விழுந்துவிட்டதென்று ஓடினாராம்.

எல்லாரும் சாரத்தோடு வந்து கூடினார்கள். வாத்தியார் நல்லெண்ணெய் விடச் சொன்னார். நான் விட்டேன். எண்ணெய் மேலேயே நின்று என் முகத்தைக் காட்டியது, பார்க்கச் சகிக்கவில்லை. இன்னொருவர் சுடுதண்ணீர் ஊற்றலாமே என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் குளிக்கப் போய்விட்டார். சமையல்காரர் விறகு கொத்துகிற கோடாலியைக் கொண்டுவந்து தயங்கித் தயங்கி நீட்டினார். மூலைமட்டம் மூடிக்கு நேர் கீழே கிடக்கிறது. அதன்மேல் கோடாலி விழுந்தால் சோதனைக்குப் போவதும் ஒன்றுதான், பழைய சாமான் கடைக்குப் போவதும் ஒன்றுதான். அதோடு, பெட்டியையும் பார்ப்பார்கள் என்று கேள்வி. உடைந்த பெட்டியோடு போய் நிற்பதா?

அண்ணை வாசலில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"பக்கப் பலகையைக் கொத்தும் ஐசே. மேலாலை கொத்தாதையும்."

நல்ல யோசனை. சொன்னவர் அவர் என்பதற்காகவே நான் கேட்கவில்லை. இதை யாரும் தொட வேண்டாம், எனக்குத் திறக்கத் தெரியும், அங்கே போய்த் திறப்பேன் என்று கத்தினேன். தொழிற்சாலை என்றால் சூடாக இருக்கும், உலை இருக்கும், அங்கே போனால் பெட்டி தானாக இளகிவிடும் என்று எனக்குள் ஓர் எண்ணம். வெள்ளவத்தையில் மழை பெய்தால் இரத்மலானையிலும் மழைதான் பெய்யும். என் பயத்தில் மட்டும் அங்கே வெயில் அடித்தது.

ரிக்‌ஷாவில் ஏற்றி ஸ்டேஷனுக்குப் போனேன். ரயிலில் பெட்டியை மடிக்கும் நிலத்துக்கும் நடுவே நிறுத்தி வைத்து, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூடியை இரண்டு கையாலும் நெட்டிப் பார்த்தேன். எதிரே இருந்த கிழவி ஒருத்தி என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே பாம்பா என்று சிங்களத்தில் கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். அவள் எழும்பி வேறு பக்கம் போய்விட்டாள். எனக்கு அதில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தொழிற்சாலையில் நீளமான வேலைமேசை. ஒவ்வொருவருக்கும் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்று. எங்களைச் சோதிக்க வந்தவர் ஒரு வெள்ளைக்கார ஃபோர்மன், நெட்டையானவர், அவசரமில்லாதவர். எல்லாரும் பெட்டியைத் திறந்து ஆயுதங்களைப் பரப்பினார்கள். நான் என்னுடையதற்கு முன்னால் கும்பிடுகிறவன்போல் நின்றேன். பக்கத்து வைஸ்காரன் ஓர் இளம் சிங்களவன்.

"அய்யே, பெட்டிய அரின்ன" என்றான் மெதுவாக. பெட்டியைத் திறவுங்கள் அண்ணா என்கிறான். துரை வருகிறார் என்று கண்ணால் காட்டினான்.

திறக்க முடியவில்லை என்று நான் அவனுக்குச் சொன்னேன். அவன் தன் திருப்புளியை எடுத்து நீட்டப் போனான். அதற்குள் துரை வந்துவிட்டார். அவரவர் ஆயுதம் மட்டும்தான் என்று சொல்லி அவன் கையைத் தன் விரலால் தாழ்த்தினார். பிறகு என்னைப் பார்த்தார். மூடியைத் தட்டினார். விளிம்பைத் தடவினார். நல்ல பொருத்தம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் பாராட்டினாரா பகிடி பண்ணினாரா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் பொதுவாகச் சிரித்துவைத்தேன். மற்றவர்கள் தொடங்கப் போகிறார்கள், உனக்காக நேரம் நிற்காது என்றார்.

அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே எனக்குள் கோபம் பொங்கியது. குதிக்கால் அண்ணை மேல், கொட்டாஞ்சேனை நானா மேல், அந்தப் பசுமாட்டின் மேல், இந்த நெட்டையன் மேல், எல்லாருக்கும் மேலாக என் மேல். பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே மழைக்குள் போனேன். முற்றத்தில் தண்டவாளம் ஓடியது. பெட்டியைத் தலைக்கு மேல் உயர்த்தினேன். எனக்கு அவ்வளவு பலம் இருப்பது எனக்கே புதினம். பக்கப் பலகை தண்டவாளத்தில் படும்படி போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தூக்கிப் போட்டேன். சொல்லக்கூடாத சொற்களை நல்ல யாழ்ப்பாணத் தமிழில் சொல்லிச் சொல்லிப் போட்டேன். மூலைகள் அசையவில்லை. நான் செய்த மூலைகள். அவ்வளவு ஆத்திரத்திலும் அதைக் கவனித்தேன். கடைசியில் பக்கப் பலகைதான் நீளத்துக்குப் பிளந்தது. என் ஆயுதமெல்லாம் சேற்றுத் தண்ணீருக்குள் கொட்டுண்டது. வாசலில் துரையும் பதினைந்து ஃபிட்டர்களும் நின்று பார்த்தார்கள். பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

சோதனை இதுதான்: ஒரு தடித்த இரும்புத் தகட்டில் சதுரத் துளை. அதற்குள் போகிற ஒரு சதுரக் கட்டையை அரத்தால் ராவிச் செய்ய வேண்டும். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் போக வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. கராஜில் புது ஆட்களுக்கு நானே அதைக் கொடுத்து வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

மற்றவர்களுக்குப் பின்னால் தொடங்கினாலும் அவர்களைப் பிடித்துவிட்டேன். நாலு முகமும் கண்ணாடிபோல் வந்தன. இனி பொருத்தம் மட்டும்தான். கட்டையைத் துளை வாயில் வைத்தேன். இறுக்கம். இன்னும் நாலு இழுப்பு மெல்லிய அரத்தால் இழுத்தால் கச்சிதமாய்ப் போகும். மேலே தகரக் கூரையில் மழை இரைந்தது. அந்த இரைச்சலைக் கேட்டதும் அரத்தைக் கீழே வைத்துக் கட்டையையே பார்த்தேன். இறுக்கமாகச் செய்யாதே, இறுக்கமாகச் செய்யாதே என்று உள்ளே ஒருவன் அழுதான். காலையில்தானே பட்டாய், மழையில் ஊதி மாட்டிக்கொள்ளும், துரைக்கு முன்னால் வெளியே வராது, இன்னும் கொஞ்சம் ராவு என்றான். இன்னும் கொஞ்சம் ராவினேன். போதாது என்றான். மறுபடியும் ராவினேன். பிழையிலிருந்து பாடம் படிக்கிற மாணவன்போல் அவ்வளவு பணிவோடு ராவினேன்.

துரை தகட்டை எடுத்து யன்னல் பக்கம் பிடித்தார். கட்டை துளைக்குள் நிற்கவில்லை. நேராக விழுந்து, சீமெந்துத் தரையில் மணிபோல் சத்தம் போட்டு உருண்டது.

ஏன் இப்படி என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மழை நேரம் சேர், ஊதும் என்று இடம் விட்டேன் என்றேன்.

அவர் குனிந்து கட்டையை எடுத்தார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரும்பா என்றார்.

இரும்புதான் சேர் என்றேன். சொல்லும்போதே விளங்கிவிட்டது. காது மடல் சுட்டது. பக்கத்து இளைஞன் தலையைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

துரை சிரிக்கவில்லை. முகங்கள் நாலும் மிக நன்றாக வந்திருக்கின்றன, ஃபிட்டராக எடுக்கலாம், மற்றவர்களுக்கு மேலே நிற்கிற வேலைக்கு எடுக்க முடியாது என்றார். பிறகு என் கட்டையைத் தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எதற்கென்று எனக்குத் தெரியும். கிளப்பில் மற்றத் துரைமாருக்கு எடுத்துக் காட்டிக் கதை சொல்வதற்கு. என் வாழ்நாளில் நான் ராவிய நாலு நல்ல முகங்கள் ஒரு விஸ்கிக் கிளாசுக்குப் பக்கத்தில் கிடக்கப் போகின்றன. அந்தக் கட்டையைத் திருப்பித் தாரும் என்று கேட்க நினைத்தேன். தாங்க் யூ சேர் என்றுதான் வாயில் வந்தது.

ஃபிட்டர் வேலைக்கு ஓம் சொல்லிவிட்டு வந்தேன். கராஜில் எடுத்ததைவிட அதில் பெரிதாக ஒன்றும் கூட இல்லை. அந்தச் சம்பளத்தில் வெள்ளவத்தையில் பாதி வீடு என்ன, பாதிக் குசினிகூட எடுக்க முடியாது. பெட்டியைக் கயிற்றால் வரிந்து கட்டி ரயிலேற்றினேன். உள்ளே ஆயுதம் கிடந்து கடகடவென்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தது. பிழைகளிலிருந்து மனிதன் படிக்கிறான் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. நான் படித்தேன். கையோடு, அதே நாளில் படித்தேன். படிக்காமல் போயிருந்தால் அந்த வேலை என் கையில் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது படலையடியில் அண்ணை குடையோடு நின்றார்.

"என்ன ஐசே, சரிவந்திட்டுதோ? எப்ப வீடு பார்க்கிறது?"

குரலில் நையாண்டி இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இல்லை. உண்மையாகத்தான் கேட்டார். அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

"நீங்கள்தான் அண்ணை வேற வீடு பார்க்கவேணும். நான் இஞ்சதான் இருக்கப் போறன்."

அவர் குடையைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு பெட்டியின் மற்றத் தலைப்பைத் தூக்கினார். விடுங்கோ என்றேன். விடவில்லை. இருவரும் நனைந்துகொண்டு அதை விறாந்தைக்குக் கொண்டுபோனோம். பிளந்த பக்கத்தால் சுத்தியல் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். எப்படிப் பிளந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு அந்தச் சுத்தியலால் என்ன நடந்திருக்குமோ தெரியாது.

"தங்கச்சிக்கு என்னெண்டு எழுதப் போறீர்?" என்றார். என் மனைவியைத்தான் அப்படிச் சொல்வார்.

"மழையெண்டு எழுதுவன்."

அப்படியேதான் எழுதினேன். இங்கே சரியான மழை, வீடு பார்க்க வெளிக்கிட முடியவில்லை, மழை விட்டதும் பார்க்கிறேன் என்று. சோளகம் ஓய எத்தனை மாதம் பிடிக்கும் என்று அவளுக்கும் தெரியும். மழை விட்ட பிறகு என்ன எழுதுவது என்று யோசிக்க எனக்கு அந்த மாதங்கள் முழுவதும் இருந்தன.